எதிர்வீட்டில் இருந்த கயிறு

என் மாமாவுக்கு நடுவர் வேலை பார்க்கத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருக்கும் மனிதரைப் பற்றி அப்படிச் சொல்லலாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். இன்றைக்கும் அது குறைந்தபாடில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் ஊர் கொள்ளிடத்துக்கு வடகரையில், மண்ணச்சநல்லூர் போகிற சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. மாமா வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். பொங்கலுக்கு ஒன்று, சமயபுரம் தேருக்கு ஒன்று. வெள்ளைக் கான்வாஸ் ஷூ, மடிப்புக் கலையாத கால்சட்டை, கழுத்தில் கறுப்பு நாடாவில் தொங்கும் விசில். நான் பார்த்தவரைக்கும் விசில் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பஸ் கண்டக்டர், இன்னொருவர் என் மாமா. கண்டக்டர் ஊதினால் ஒரு பஸ்தான் நிற்கும், என் மாமா ஊதினால் முந்நூறு பையன்கள் நிற்பார்கள் என்று வகுப்பில் பீற்றிக்கொள்வேன். முந்நூறு என்பது நானாகப் போட்ட கணக்கு.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். அந்த ஆடிப்பெருக்குக்கு ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஆற்றுக்குப் போய், காதோலையும் கருகமணியும் விட்டு, நிறைய வரவேண்டும் தாயே என்று கும்பிட்டோம். ஆறு அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். பத்து நாள் கழித்து, கேட்டதற்கு மேலேயே வந்தது. மேலே அணை நிரம்பிவிட்டது, தண்ணீர் வருகிறது, கரையோரம் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று சாயங்காலம் தண்டோரா போட்டுக்கொண்டு போனார்கள். அப்பா கரையைப் பார்த்துவிட்டு வந்து, இந்தக் கரையைத் தண்ணீர் தாண்டாது என்றார். எங்கள் வாழைத் தோட்டமும் மாட்டுக் கொட்டகையும் கரையை ஒட்டி இருந்தன. செவலை, மயிலை என்று இரண்டு காளைகள். மயிலை இளங்காளை, அவிழ்த்துக்கொண்டு போய் அடுத்தவன் கொல்லையில் மேய்கிற வழக்கம் அதற்கு உண்டு. அதனால் அப்பா அன்றைக்கு இரண்டையும் கட்டி, மயிலைக்கு மட்டும் இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

விடியுமுன் கரை உடைத்துக்கொண்டது. தெருவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபோது தோட்டம் இருந்த இடத்தில் மணல் மேடு இருந்தது. வாழைகளின் தலை மட்டும் அங்கங்கே வெளியே தெரிந்தது. கொட்டகைக் கூரை போய்விட்டது, ஆனால் முளைக்குச்சிகள் நின்றன. காளைகள் இரண்டும் கட்டினபடியே கிடந்தன.

ஊரில் மனித உயிர் ஒன்றும் போகவில்லை. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். உயிர் போகாததால் யாரும் அழக்கூடாது என்று சட்டம் போட்டதுபோல ஊரே வாயை மூடிக்கொண்டு இருந்தது. வீடு இடிந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். சர்க்காரிலிருந்து அரிசி வந்தது, பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். ஆண்கள் கஞ்சி குடித்துவிட்டு டீக்கடை வாசலில் உட்கார்ந்தார்கள். தெருவெல்லாம் சாணளவு வண்டல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதை அள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா டீக்கடைக்குக்கூடப் போகவில்லை. வீட்டு வாசலில் மாடில்லாமல் நின்ற வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். சாதாரண நாளிலேயே அவர் அளந்துதான் பேசுவார். ஆனால் யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டார். நெல் வகையைத் தப்பாகச் சொன்னாலும், திருமண நாளைத் தப்பாகச் சொன்னாலும், குறுக்கே புகுந்து திருத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அந்தக் குணத்துக்காக அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். இப்போது அதுவும் இல்லை. அம்மா வேண்டுமென்றே ஆடியை ஆவணி என்று சொல்லிப் பார்த்தாளோ என்னவோ, அதெல்லாம் எனக்குத் தெரியாது. சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. என்னை உட்கார வைத்து மாமாவுக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் சுகம், மாடுகள் போய்விட்டன, மச்சான் பேசுவதில்லை, நீ உடனே வரவும். எல்லோரும் சுகம் என்றால் எதற்கு உடனே வர வேண்டும் என்று கேட்டேன். எழுதுடி என்றாள். எழுதினேன்.

விடிந்ததும் விடியாததுமாக அப்பா எழுந்து ஆற்றங்கரைக்குப் போவார். கரை உடைத்த இடத்தில் ஆறு பெரிய மடுவாகத் தோண்டியிருந்தது. தண்ணீர் அங்கே கறுத்து, சுழித்துக்கொண்டு நிற்கும். அதன் ஓரத்தில் போய் நிற்பார். அம்மா ஒரு செம்பில் நீராகாரத்தைக் கொடுத்து என்னைக் கூடவே அனுப்புவாள்.

"அப்பா திரும்பி வர்ற வரைக்கும் கூடவே இரு. பேசிக்கிட்டே இரு. மடுகிட்ட நிக்கறப்ப அவரு கையப் பிடிச்சுக்க, உனக்கு வழுக்கும்."

எனக்கு ஒன்றும் வழுக்காது என்று எரிச்சலாக வந்தது. ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வழுக்குமா? பள்ளிக்கூடம் இல்லாத நாளில் காலைத் தூக்கத்தைக் கெடுக்கிறாளே என்ற கோபம் வேறு. ஆனாலும் போனேன். பேசினேன். இரண்டு நாளில் எனக்குப் பேச விஷயம் தீர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் பாடப்புத்தகத்திலிருந்த செய்யுள்களை ஒப்பித்தேன். பிறகு வாய்ப்பாடு. இரண்டாம் வாய்ப்பாட்டில் தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை என் கையில் கட்டைபோல இருந்தது.

மாமா அந்த வாரமே வந்து சேர்ந்தார். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதால், கான்வாஸ் ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். அப்பாவின் பக்கத்தில் வண்டியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போட்டுவைக்கிற பழைய தொழுவத்துக்குள் போய் மேலே பார்த்தார். உத்தரத்தில் வைக்கோல் பாரம் கட்டுகிற நீளமான கயிறு சுருட்டி மாட்டியிருந்தது. கட்டைவிரல் தடிமன். ஏறி அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"மச்சான், இந்தக் கயித்த நான் எடுத்துக்கறேன். ஊர்ல கயிறு இழுக்கிற போட்டி வைக்கப் போறேன்."

மாமா கயிற்றை எதிர்வீட்டு அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்து, தினமும் தான் வந்து வாங்கிக்கொள்வதாகவும் வேறு யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு அநியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டுக் கயிறு. ஊர்ப் பிள்ளைகள் எங்கள் வீட்டு வாசலில் வந்து கேட்டு வாங்கிப் போவதுதானே அழகு?

"போட்டிக் கயிறு ரெண்டு கட்சிக்கும் பொதுவா இருக்கணும் பாப்பா. நம்ம வீட்ல இருந்தா, மேலத்தெருக்காரங்க ராத்திரியே நனைச்சு வச்சுட்டாங்கன்னு கீழத்தெருக்காரங்க சொல்லுவாங்க."

"எதிர்வீடும் மேலத்தெருதானே மாமா?"

மாமா விசிலை எடுத்து என் காதோரத்தில் ஊதிவிட்டுப் போய்விட்டார். பதில் தெரியாவிட்டால் டிரில் மாஸ்டர்கள் ஊதிவிடுவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பாமல் மாமா எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். காலை முதல் பஸ்ஸில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போவார், சாயங்காலம் வந்துவிடுவார். அப்பாவின் பாய்க்குப் பக்கத்திலேயே தன் பாயை விரித்துக்கொள்வார். உள்ளே புழுக்கமாக இல்லையா என்று கேட்டால், இந்த ஊர்ப் புழுக்கம் தனக்குப் பிடிக்கும் என்பார்.

முதல் நாள் போட்டிக்கு வந்தது நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள்தான். இழுப்பதற்கு இடமே இல்லை. பள்ளிக்கூட மைதானம் முழுக்க வண்டல். இடம் வேண்டுமானால் அள்ளுங்கள் என்றார் மாமா. ஆளுக்கொரு கூடையை எடுத்துக்கொண்டு அள்ளினோம். அவரும் கால்சட்டையை மடித்துவிட்டு அள்ளினார். டீக்கடைக்காரர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"சோத்துக்கே வழியக் காணோம். வாத்தியாருக்கு இப்ப விளையாட்டு கேக்குதாக்கும்?"

"சோறு சர்க்கார் போடுதுங்க. பசிக்க வைக்கிறத நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா.

இரண்டாம் நாள் இளவட்டங்கள் வந்தார்கள். நாலாம் நாள் டீக்கடை பெஞ்சு காலியாகிவிட்டது. மேலத்தெரு ஒரு கட்சி, கீழத்தெரு ஒரு கட்சி. கயிற்றின் நடுவில் அம்மாவின் பழைய சிவப்புப் புடவையிலிருந்து கிழித்த துணியைக் கட்டினார். தரையில் ஒரு கோடு. துணி எந்தப் பக்கம் கோட்டைத் தாண்டுகிறதோ அந்தப் பக்கம் ஜெயித்தது. தோற்ற தெருக்காரர்கள் மறுநாள் காலையில் ஜெயித்த தெருவின் வண்டலை அள்ள வேண்டும். இதுதான் மாமா போட்ட சட்டம். அவமானமாக இருக்கிறதே என்று தோற்றவர்கள் வெறியோடு அள்ளினார்கள். சும்மா நின்று பார்க்கக் கூசி, ஜெயித்தவர்களும் கூட வந்து அள்ளினார்கள். பெண்கள் தங்களுக்கும் ஒரு போட்டி வேண்டும் என்று கேட்டார்கள். எதிர்வீட்டு அத்தை புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இழுத்த அழகை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். இரண்டு வாரத்தில் இரண்டு தெருவும் நடக்கிற பதத்துக்கு வந்தன. பிறகு வாய்க்கால். ஊருக்குள் பழையபடி சண்டையும் வந்தது. கீழத்தெருவில் இரண்டு பேர் வேலித் தகராறில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கேட்டபோது மாமாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்பாவையும் தினம் மைதானத்துக்குக் கூட்டி வருவது என் வேலை. கையைப் பிடித்து இழுத்தால் வருவார். கொடிக்கம்ப மேடையில் உட்கார்ந்துகொள்வார். ஊரே கத்திக்கொண்டிருக்கும். அவர் கண் மட்டும் கயிற்றின் மேலேயே இருக்கும்.

ஒருநாள் காலை மடுக்கரையில் நின்று பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எப்போதும் தகராறு. பதினாறாறு தொண்ணூற்றாறு வரைக்கும் வந்துவிட்டேன். பதினாறேழு நூற்றிரண்டு என்றேன். அடுத்ததற்குப் போகுமுன், தண்ணீரைப் பார்த்தபடியே அப்பா சொன்னார்.

"நூத்திப் பன்னெண்டு."

அவ்வளவுதான். பிறகு திரும்பி நடந்துவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். வீட்டுக்கு வந்ததும், வெகுநாளாகப் பேசாதவர் பேசியதே என் தப்பைச் சொல்வதற்குத்தானா என்று அம்மாவிடம் புகார் செய்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் அப்படியே நின்றது. என்ன சொன்னார், திரும்பச் சொல் என்று மூன்று தடவை சொல்ல வைத்தாள். சாயங்காலம் மாமா வந்ததும் அவரைத் தொழுவத்துப் பக்கம் கூட்டிப் போய்ச் சொன்னாள். வாய்ப்பாடு தெரியாததற்கு இனி மாமாவும் ஒரு பாட்டம் திட்டுவார் என்று நினைத்தேன். வெளியே வந்தவர் பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்டை எடுத்து என் கையில் வைத்தார். வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னதற்கு மிட்டாய் வாங்கியவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாளிலிருந்துதான் மாமாவின் கண் கெட்டுப் போயிற்று. துணி எங்கள் பக்கம் தெளிவாக வந்திருக்கும். கீழத்தெரு ஜெயித்தது என்று ஊதுவார். அடுத்த ஆட்டத்தில் இன்னும் துணி நடுவிலேயே ஆடிக்கொண்டிருக்கும்போது முடிந்தது என்று ஊதுவார். முதலில் ஜனங்கள் கேள்வி கேட்டார்கள். ரூல் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். குருட்டு விசில் என்று பெயரே வைத்துவிட்டார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன், உங்க மாமா ஊதினா முந்நூறு பேரு நிக்க மாட்டாங்க, சிரிப்பாங்க என்றான். நான் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். ஆனால் மனசுக்குள் அவன் சொன்னது சரி என்று தெரிந்தது. என் பெருமையெல்லாம் மண்ணாகப் போய்விட்டது. நானே முந்திக்கொண்டு, மாமாவுக்கு நடுவர் வேலை தெரியாது, ஸ்ரீரங்கத்தில் எப்படித்தான் வைத்திருக்கிறார்களோ என்று சொல்ல ஆரம்பித்தேன்.

இப்படி நாலு நாள் போயிற்று. அப்பா மேடையில் உட்கார்ந்து ஒவ்வொரு தப்புக்கும் முகத்தைச் சுளிப்பார். வாய் திறக்க மாட்டார். மாமா ஊதிவிட்டு ஒரு தடவை மேடைப் பக்கம் பார்ப்பார்.

ஐந்தாம் நாள் சிறுமிகளுக்குப் போட்டி. மேலத்தெருவுக்கு முதல் ஆளாக நின்று இழுத்தவள் நான். உள்ளங்கை தோல் உரிந்தது. குதிகாலை மண்ணில் ஊன்றி, பல்லைக் கடித்து, துணியைக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் எங்கள் பக்கம் கொண்டுவந்துவிட்டோம். என் கண்ணால் பார்த்தேன். மாமா விசிலை ஊதி, கீழத்தெருப் பக்கம் கையைக் காட்டினார். நான் கயிற்றைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். சொந்த மாமா, அதுவும் எனக்கே இப்படிச் செய்தால்!

"மாப்ள!"

அந்தக் குரல் யாருடையது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"உனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? துணி எங்க கெடக்கு, கோடு எங்க இருக்கு? பிள்ள கை ரத்தமா இழுத்திருக்கு, எவனுக்கோ கையக் காட்டற?"

"ரூல் புக்குல என்ன போட்டிருக்குன்னா மச்சான்..."

"தூக்கி அடுப்புல போடு உன் ரூல் புக்க!"

அப்பா இறங்கி வந்தார். குதிகாலால் கோட்டைத் திரும்ப அழுத்திக் கீறினார். துணி எங்கே வந்தால் வெற்றி, எங்கே வந்தால் இல்லை என்று டிரில் மாஸ்டருக்குப் பாடம் நடத்தினார். நாலு வாரத்துப் பேச்சு மொத்தமாக வந்தது. ஊரே வாயைப் பிளந்து கேட்டது. மாமா தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டு, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி நீட்டினார்.

"அப்ப நீங்களே ஊதுங்க மச்சான். எனக்கு வரல."

அப்பா வாங்கிக்கொண்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமாவுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்தது ஆண்கள் போட்டி. கீழத்தெருவுக்குக் கடைசி ஆளாக நின்றவர் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். கயிறு நழுவாமல் இருக்க, அதைத் தன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா விசிலை வாயில் வைத்தவர் அதைப் பார்த்துவிட்டார். ஊதவில்லை. ஓடினார்.

"முடிச்சுப் போடாத! அவிழுடா! இழுத்துட்டா எப்படி அவிழ்ப்ப? அவிழு!"

மூட்டை தூக்குகிறவருக்கு அவிழ்க்க வரவில்லை. அப்பா மண்டியிட்டு உட்கார்ந்து, விரலால் நெம்பி, பல்லால் கடித்து அவிழ்த்தார். முடிச்சு அவிழ்ந்து வந்துவிட்டது. அப்பா எழுந்திருக்கவில்லை. அவிழ்ந்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முதலில் தோள்கள் குலுங்கின. பிறகு சத்தம் வந்தது. என் அப்பா ஊர் நடுவில், எல்லோருக்கும் முன்னால், குழந்தைபோல அழுதார். ஒருவரும் அசையவில்லை. எல்லாக் கண்ணும் அவர் மேலே இருந்தது. எனக்கு மைதானம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மாமா இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடித்தார். விசிலைவிடப் பலமான சத்தம்.

"எல்லாரும் கிழக்கே திரும்பு! டிரில்! கை மேல! கை கீழ!"

இழுக்க வந்தவர்கள், பார்க்க வந்தவர்கள், டீக்கடைக்காரர், எதிர்வீட்டு அத்தை, இடுப்பில் குழந்தையோடு நின்றவர்கள், ஊர் முழுக்கக் கிழக்கே திரும்பிற்று. அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை மேலே தூக்கிற்று, கீழே போட்டது. ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமாவின் தொண்டை கட்டிக்கொண்டது. அப்படியும் விடவில்லை. அப்பாவின் அழுகை நிற்கிற வரைக்கும் ஊரையே டிரில் வாங்கினார். நானும் கையைத் தூக்கினேன். போட்டி நடக்க வேண்டிய நேரத்தில் இந்த மனிதர் டிரில் எடுக்கிறாரே, ஒரு முறை வேண்டாமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மணல் மேட்டுக்குப் போனார். அம்மா என்னை எழுப்பவில்லை. அன்றைக்குச் சாயங்காலப் போட்டிக்கு அப்பாதான் நடுவர். ஒரு தப்பு கிடையாது. தோற்ற தெரு இப்போது எங்கள் தோட்டத்து மணலை அள்ளியது, பிறகு கரையோரத்து மற்றத் தோட்டங்களை. இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டு மாமா கிளம்பினார்.

பஸ் ஏற்றிவிட நானும் போனேன். அவர் ஜன்னல் வழியாகப் பெப்பர்மிண்டை நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இனிமே எங்க ஊருக்கு விசில் எடுத்துக்கிட்டு வராதீங்க மாமா. உங்களுக்கு ஒண்ணும் தெரியல. எனக்கு மானம் போகுது."

"சரி பாப்பா" என்றார். சொன்னபடியே அதற்குப் பிறகு எந்தப் பொங்கலுக்கும் எந்தத் தேருக்கும் அவர் விசிலோடு வரவில்லை. கயிறு மட்டும் எதிர்வீட்டிலேயே இருந்தது. தை மாதம் புதுக் காளைகள் வந்த அன்றைக்கு அம்மாவே போய் வாங்கி வந்தாள்.

பன்னிரண்டு வருஷம் போயிற்று. நான் உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். பள்ளிகளுக்கிடையே ஓட்டப் பந்தயம் என்று எங்கள் பெண்களை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப் போனேன். முடிவுக் கோட்டில் நின்றவர் மாமா. இரண்டு பெண்கள் தோளோடு தோளாக வந்து விழுந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் குழம்பி நிற்க, மாமா ஒருத்தியைக் காட்டி, நெஞ்சு முதலில் பட்டது இந்தப் பெண்தான் என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. பக்கத்தில் நின்ற வேறொரு பள்ளியின் டிரில் மாஸ்டர் என்னிடம், "அவரு கண்ணு தராசு மாதிரிங்க. இத்தன வருஷத்துல ஒரு தடவகூடத் தப்பாச் சொன்னதில்ல" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் ஊருக்கு வந்து கேளுங்கள் என்று சொல்ல வாயெடுத்து, மாமாவின் மரியாதையை நினைத்து விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் இதைப் பெரிய வேடிக்கையாகச் சொன்னேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. அப்பா எங்கே இருக்கிறார் என்று வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"கயிறு எங்க இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"எதிர்வீட்ல."

"ஏன் அங்க இருந்துச்சு?"

"ரெண்டு கட்சிக்கும் பொதுவா..." என்று ஆரம்பித்தேன். எதிர்வீடும் எங்கள் கட்சிதான் என்று மாமாவிடம் சண்டை போட்டவள் நானேதான்.

"மடுகிட்ட உனக்கு வழுக்காதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. காய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா ஆற்றில் இறங்கிவிடாமல், உத்தரத்துக் கயிற்றைத் தேடாமல், ஒரு வீடு முழுக்கக் காவல் இருந்திருக்கிறது. அதில் ஒரு காவல்காரி நான். கையில் செம்பும் வாயில் வாய்ப்பாடுமாக நின்றிருக்கிறேன், எனக்கே தெரியாமல். அப்பா வாய் திறந்து திருத்தட்டும் என்றே மாமா தப்புத் தப்பாக ஊதி, ஊர்ச் சிரிப்பையெல்லாம் தன் தலையில் வாங்கிக்கொண்டு, கடைசியில் என்னிடமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போயிருக்கிறார். மறுநாள் திரும்பும்போது முதல் காரியமாக ஸ்ரீரங்கத்தில் இறங்கி, அந்தப் பெப்பர்மிண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். கண் பொங்கிக்கொண்டு வந்தது.

வாசலில் அப்பா வண்டியில் வைக்கோல் ஏற்றி, அதே கயிற்றைப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். நான் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இழுத்துக் கட்டி, ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடுகிற முடிச்சாகப் போட்டார். அந்த ஆடிக்குப் பிறகு அவர் வேறு முடிச்சே போட்டதில்லை.

"அப்பா, பதினாறேழு எவ்வளவு?"

"நூத்திப் பன்னெண்டு" என்றார், கயிற்றைப் பார்த்தபடியே. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "டீச்சராயிட்ட, இன்னுமா அது வரல உனக்கு?"

"இன்னும் வரலப்பா" என்றேன்.